பூமியையும் வானத்தையும் படிக்க உயர்தரத்தில் எந்தப் பிரிவு? மலையகத்திலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: தலவாக்கலைப் பகுதி மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். கணிதமும் விஞ்ஞானமும் எனக்கு நன்றாக வரும். விருப்பப் பாடமாகப் புவியியலை எடுத்திருந்தேன். உயர்தரத்தில் என்ன படிக்கப் போகிறாய் என்று வீட்டில் கேட்கும்போது என்னால் ஒரு பாடத்தின் பெயரைச் சொல்ல முடியவில்லை, ஏனெனில் நான் படிக்க விரும்புவது பாடசாலை நேரசூசியில் தனிப் பாடமாக இல்லை. மலை ஏன் சரிகிறது, இந்தப் பாறைகள் எப்போது உண்டாயின, மேற்குப் பக்கம் மழை கொட்டும் மாதங்களில் ஊவாப் பக்கம் ஏன் காய்கிறது, வானத்தில் தெரியும் நட்சத்திரங்கள் மாதத்துக்கு மாதம் ஏன் இடம் மாறுகின்றன ஆகியவற்றைத்தான் நான் படிக்க விரும்புகிறேன்.

இந்த விருப்பம் எனக்கு எப்போதிருந்து உறுதிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 27, 28ஆம் திகதிகளில் டித்வா புயலின் மழை பெய்தபோது, எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) மேலே உள்ள தேயிலை மலையில் நீளமாக ஒரு வெடிப்பு விழுந்தது. எங்களை ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்க வைத்தார்கள். அங்கிருந்த நாட்களில் பெரியவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கான் (மழைநீர் வடிகால்) அடைபட்டதுதான் காரணம் என்றார் ஒருவர். மேலே மரங்களை வெட்டியதுதான் காரணம் என்றார் இன்னொருவர். பின்னர் ஓர் அதிகாரி வந்து வெடிப்பை அளந்து, மண்ணின் ஆழத்தைப் பற்றியும் அடியிலுள்ள பாறையின் சாய்வைப் பற்றியும் சிங்களத்தில் விளக்கினார். அவர் சொன்னதில் பாதிதான் எனக்கு விளங்கியது. அவர் அறிந்திருந்ததை நானும் அறிந்துகொள்ள வேண்டும், எங்கள் ஆட்களுக்கு அதைத் தமிழில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.

என்னுடைய பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலைப் பிரிவும் வணிகப் பிரிவும் மட்டுமே உண்டு. கணிதப் பிரிவுக்கு நகரத்துப் பாடசாலைக்குப் போக வேண்டும்; பேருந்து நேரம் சரியாக அமையாததால் விடுதியில் தங்க வேண்டியிருக்கும். அம்மா கொழுந்து பறித்துத்தான் எங்களைப் படிக்க வைக்கிறார். கலைப் பிரிவில் புவியியல் படித்தால் நான் விரும்பும் இடத்துக்குப் போய்ச் சேர முடியுமா, அல்லது எப்படியாவது கணிதப் பிரிவுக்குத்தான் போக வேண்டுமா என்பதை இத்துறையை அறிந்த அண்ணாமாரும் அக்காமாரும் ஆசிரியர்களும் சொல்லித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.


பதில் 1: புவிச்சரிதவியல் படித்தவர், ஹட்டன்

தங்கச்சி, நான் பேராதனையில் புவிச்சரிதவியல், அதாவது பாறைகளையும் பூமியின் வரலாற்றையும் ஆராயும் துறை, படித்தவன். நானும் லயத்திலிருந்து விடுதிக்குப் போனவன்தான். ஆகவே விடுதிச் செலவைப் பற்றி நீங்கள் எழுதியதை எளிதாகக் கடந்து போக மாட்டேன். ஆனால் முதலில் பாடத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விகள் வேறு வேறு துறைகளைச் சேர்ந்தவை போலத் தோன்றினாலும், அவை அனைத்துக்கும் அடியில் இருப்பவை பௌதிகவியலும் இரசாயனவியலும்தான். உயர்தரப் பௌதிகவியலில் வரும் ஈர்ப்புப் புலம், வெப்பம், ஈரப்பதன், அலைகள், கதிர்த்தொழிற்பாடு ஆகிய அலகுகளை எடுத்துப் பாருங்கள். கோள்கள் சுற்றுவதும், மழை பெய்வதும், நிலநடுக்க அலை பூமியின் உட்பகுதியைக் கடந்து வருவதும், பாறையின் வயதைக் கணிப்பதும் இந்த அலகுகளுக்குள் அடங்கும். பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது. அங்கே கணிதப் பிரிவிலிருந்தோ உயிரியல் பிரிவிலிருந்தோ நுழையலாம். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் புவிவளப் பொறியியல் துறை இருக்கிறது. அதற்குக் கணிதப் பிரிவு வேண்டும். உங்களுக்கு அருகில், பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் கனிய வளங்கள் சார்ந்த பட்டப்படிப்பு உண்டு. பெலிஹுல்ஓயாவிலுள்ள சபரகமுவப் பல்கலைக்கழகத்தில் நில அளவையியல் படிக்கலாம். இவை எல்லாம் ஆங்கில மொழியில் நடப்பவை என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொண்டு, பெறுபேறு வரும் வரையிலான மாதங்களில் ஆங்கிலத்துக்குத் தினமும் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். முதல் ஆண்டில் நான் பட்ட சிரமத்தில் பெரும்பகுதி பாடத்தினால் வந்ததல்ல, மொழியினால் வந்தது.

இன்னொன்றையும் வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் ஒரு பகுதி போக, பெரும்பகுதி மாவட்ட ஒதுக்கீட்டின்படியே வழங்கப்படுகிறது. கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கென்று 5 வீதம் தனியாகவும் உண்டு. அப்பட்டியலில் நுவரெலியாவும் பதுளையும் அடங்குகின்றன.

இனி, அந்த அதிகாரி சொன்னதில் உங்களுக்கு விளங்காமற்போன பாதியைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். நம் மலைகளின் அடியில் இருப்பவை உருமாறிய பாறைகள். புவிச்சரிதவியலாளர்கள் உயர்நிலத் தொகுதி என்று அழைக்கும் இந்தப் பாறைகள், ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கொண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், பூமிக்குள் பல கிலோமீற்றர் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இப்போதைய உருவத்தை அடைந்தன. அப்போது இந்தியாவும் மடகஸ்காரும் அந்தாட்டிக்காவும் நமக்குப் பக்கத்து நிலங்கள். இன்றும் கிழக்கு அந்தாட்டிக்காவில் நம்முடைய பாறைகளை ஒத்த பாறைகள் கிடைக்கின்றன. உங்கள் ஊர் ஓடை மணலைக் கையில் அள்ளி வெயிலில் பாருங்கள். கருஞ்சிவப்பாகச் சில குறுமணிகள் மின்னினால் அவை பெரும்பாலும் கார்னெட் மணிகளாக இருக்கும். அவ்வளவு ஆழத்தில் பிறந்த ஒரு கனிமம் இன்று உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது என்றால், அதற்கு மேலே இருந்த பாறை முழுவதும் இடைப்பட்ட காலத்தில் அரிக்கப்பட்டுப் போயிருக்கிறது என்று பொருள்.

அந்தப் பாறை மேற்பரப்புக்கு வந்தபின், மழையும் வெப்பமும் அதைச் சிதைத்து மண்ணாக்குகின்றன. சரிவில் பாறை எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்பது முக்கியம்: பாறையின் படைகள் மலைச்சரிவு இறங்கும் திசையிலேயே சாய்ந்திருந்தால், மேலே உள்ள மண் வழுக்குப் பலகையில் வைத்த மூட்டையைப் போல இருக்கிறது. சாதாரண நாட்களில் மண் துணிக்கைகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால் உராய்வு அதைத் தாங்குகிறது. பெருமழையில் துணிக்கைகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில் நீர் நிரம்பி, அந்த நீரின் அழுத்தம் துணிக்கைகளை விலக்கத் தொடங்குகிறது; உராய்வு குறைகிறது; அதே நேரத்தில் மண்ணின் பாரமும் கூடுகிறது. ஒரு ஹெக்டெயர் நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அங்கே விழுந்த நீர் 1,000 கன மீற்றர், அதாவது 1,000 தொன். அதில் எவ்வளவு கான் வழியே வெளியேறுகிறது, எவ்வளவு நிலத்துக்குள் இறங்குகிறது என்பதைப் பொறுத்தே மலை நிற்பதும் சரிவதும் அமைகிறது. எனவே கான் அடைபட்டதைச் சொன்ன பெரியவரும் மரம் வெட்டியதைச் சொன்ன பெரியவரும் உண்மையின் ஒவ்வொரு பக்கத்தைச் சொல்லியிருக்கிறார்கள். கான் அடைபட்டால் நீர் உள்ளே இறங்குகிறது. மரத்தை வெட்டினால், சில ஆண்டுகளில் வேர் உக்கிப்போய், மண்ணை அது பிடித்திருந்த பிடி தளர்கிறது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையில் மழையளவே முதல் அளவுகோல். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேறிவிட வேண்டும். ஆனால் நிலம் காட்டும் அடையாளங்களை எண்களுக்காகக் காத்திராமல் கவனிக்க வேண்டும்: தரையிலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு, மரமும் தூணும் சாய்தல், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல், பீலித் தண்ணீர் (மலையிலிருந்து குழாய் வழியே விழும் தண்ணீர்) திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுபோதல். பீலிக்கரையில் தினமும் நிற்பவர்கள் நம் பெண்கள். இந்த மாற்றத்தை முதலில் காணக்கூடியவர்களும் அவர்களே. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் புதையுண்டன. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்கு முந்திய ஆண்டுகளிலேயே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கடிதமாக இருந்தது. அது விளக்கமாக மாறி மக்களின் காதுக்கு வந்து சேரவும், அவர்கள் போய்க் குடியேற ஓர் இடம் கிடைக்கவும் வேண்டியிருந்தது. தமிழில் சொல்ல வேண்டும் என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது.

முடிந்தால் கணிதப் பிரிவுக்குப் போங்கள் என்பதே என் கருத்து. சாதாரண தரப் பெறுபேறு வந்தவுடன் நகரத்துப் பாடசாலை அதிபரை நேரில் சந்தித்து, விடுதிக் கட்டணத்தைப் பற்றியும் புலமைப்பரிசில்களைப் பற்றியும் கேளுங்கள். கேட்காமல் பின்வாங்கிய பலரை நான் பார்த்திருக்கிறேன்.


பதில் 2: புவியியல் ஆசிரியர், நுவரெலியா மாவட்டம்

மேலே தம்பி எழுதிய விளக்கம் மிகவும் பயனுள்ளது. என் மாணவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுவேன். ஆயினும் ஒரு விடயத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. விடுதியில் தங்க வசதி அமையாத பிள்ளைக்குக் கதவு மூடப்பட்டுவிட்டது என்ற எண்ணம் உண்டாகக் கூடாது.

உயர்தரப் புவியியலில் பௌதிகப் புவியியல் ஒரு பெரிய பகுதி. பாறைகள், தரைத்தோற்றம், வளிமண்டலம், நீர்வட்டம் ஆகியவற்றோடு நிலப்படம் வாசித்தலும் அதில் அடங்கும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 நிலப்படத்தைக் கையில் எடுத்துச் சமவுயரக் கோடுகளை வாசிக்கத் தெரிந்த ஒருவர், எந்த லயம் பள்ளத்தின் வாயில் இருக்கிறது, எது மலைமுகட்டில் இருக்கிறது என்பதை அங்கே போகாமலே சொல்ல முடியும். பல்கலைக்கழகத்தில் புவியியலைச் சிறப்புப் பாடமாகப் படிப்பவர்கள் செய்மதிப் படங்களையும் கணினியில் நிலப்படம் ஆக்குவதையும் கற்கிறார்கள். அனர்த்த முகாமைத்துவத் துறையில் அவர்களுக்கும் இடம் உண்டு. ஒரு மலை சரியுமா என்று கணக்கிடுவதற்குப் பௌதிகவியல் வேண்டும். அந்த மலையின் கீழே யார் வாழ்கிறார்கள், அவர்கள் ஏன் அங்கே குடியமர்த்தப்பட்டார்கள், எங்கே போகலாம் என்று அறிவதற்குப் புவியியல் வேண்டும்.

அதே வேளை உண்மையையும் மறைக்க மாட்டேன். கலைப் பிரிவிலிருந்து புவிச்சரிதவியல் துறைக்கோ வானியற்பௌதிகத்துக்கோ பிற்காலத்தில் மாறுவது மிகவும் கடினம். கணிதப் பிரிவிலிருந்து புவியியலின் பக்கம் வருவது அவ்வளவு கடினமல்ல. ஆகவே பிள்ளை, இரண்டு கதவுகளும் திறந்திருக்க வேண்டுமானால் தம்பி சொன்ன வழியே நல்லது. அது அமையாவிட்டால் புவியியலை மனம் தளர்ந்து எடுக்காமல், கணிதத்தைக் கைவிடாமல் எடுங்கள்.


மாணவியின் மறுமொழி

அண்ணாவுக்கும் ஆசிரியருக்கும் மிக்க நன்றி. பீலித் தண்ணீரைப் பற்றி எழுதியதை நேற்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த மழைக்கு முந்திய இரவிலேயே பீலியில் செந்நிறமாகத் தண்ணீர் வந்ததாகவும், மேலே யாரோ மண் வெட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டதாகவும் அம்மா சொன்னார். பெறுபேறு வந்ததும் நகரத்துப் பாடசாலைக்குப் போய் அதிபரைச் சந்திப்பது என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். அதுவரை இருக்கும் காலத்தை வீணாக்க விருப்பமில்லை. எங்களிடம் தொலைநோக்கி இல்லை, கருவிகளும் இல்லை. ஒரு கொப்பியும் பேனையும் வைத்துக்கொண்டு இங்கிருந்தே செய்யக்கூடியவை ஏதேனும் உண்டா?


பதில் 3: விஞ்ஞான ஆசிரியை, பண்டாரவளை

அன்பு மகளே, உண்டு. அதுவும் சமவெளியில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத ஒரு கருவி உங்கள் வாசலுக்கு எதிரே நிற்கிறது. மலைமுகட்டைத்தான் சொல்கிறேன்.

லயத்தின் வாசலில் ஒரு கல்லை அடையாளமாக வைத்து, எப்போதும் அதன் மேல் நின்றுகொண்டு, கிழக்கு மலைக்கு மேலே ஒரு பிரகாசமான நட்சத்திரம் எட்டிப் பார்க்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள். மறுநாள் அது ஏறத்தாழ 4 நிமிடம் முந்தி வரும். பதினைந்து நாட்களில் ஒரு மணித்தியாலம் முந்திவிடும். பூமி தன்னைத்தானே சுற்றுவதோடு சூரியனையும் சுற்றுகிறது என்பதற்கு, உங்கள் கையாலேயே எழுதிய சான்று உங்கள் கொப்பியில் இருக்கும். நட்சத்திரங்கள் மாதத்துக்கு மாதம் ஏன் இடம் மாறுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு விடை இந்த 4 நிமிடம்தான். ஒரு நாளைக்கு 4 நிமிடம் வீதம் ஓராண்டுக்குக் கூட்டினால் 24 மணித்தியாலம் ஆகிறது என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். அதே கல்லில் நின்று, சூரியன் முகட்டின் எந்த இடத்தில் உதிக்கிறது என்பதை வாரம் ஒரு முறை படமாக வரைந்து வந்தால், அது மார்கழியில் தென்கோடிக்கும் ஆனியில் வடகோடிக்கும் போய்த் திரும்புவதைக் காண்பீர்கள்.

நட்சத்திரங்களின் பெயர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. கார்த்திகை என்று பாட்டி சொல்வது ஒரு நட்சத்திரக் கொத்து. ரோகிணி செந்நிறப் பேரொளி கொண்ட ஒரு விண்மீன். திருவாதிரை நம் சூரியனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அகன்ற செம்பெருமீன். சித்திரையும் சுவாதியும் கேட்டையும் வெறுங்கண்ணால் எளிதில் அடையாளம் காணக்கூடியவை. சாதகக் குறிப்பில் மட்டும் கேட்டுப் பழகிய இந்தப் பெயர்களை வானத்தில் சுட்டிக் காட்டும்போது என் வகுப்புப் பிள்ளைகளின் முகத்தில் வரும் மலர்ச்சியை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். நாம் ஏறத்தாழ வட அகலாங்கு 7 பாகையில் இருப்பதால் தென்சிலுவையையும் காணலாம், துருவ நட்சத்திரத்தையும் காணலாம். ஆனால் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து அதே 7 பாகை உயரத்தில்தான் நிற்கும். வடக்கே மலை இருந்தால் தெரியாது. உங்கள் இடத்திலிருந்து அது தெரியாவிட்டால் வருந்த வேண்டாம், எந்த மலை மறைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பகலில் செய்ய ஒரு சோதனை. நேராக நிறுத்திய ஒரு மீற்றர் உயரக் கம்பு போதும். ஏப்ரல் 7, 8ஆம் திகதிகளை ஒட்டியும், செப்டெம்பர் முதல் வாரத்திலும், தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் நேர் மேலே சூரியன் வருகிறது. ஏப்ரலில் அந்த நேரம் நண்பகல் 12 மணி கடந்து ஏறத்தாழ 9 நிமிடம். அப்போது கம்புக்கு நிழல் இருக்காது. அதே நாள் நண்பகலில் யாழ்ப்பாணத்தில் ஒரு மீற்றர் கம்புக்கு ஏறத்தாழ 4.7 சென்ரிமீற்றர் நிழல் விழும், அது 2.7 பாகைக் கோணம். இரண்டு ஊர்களுக்கும் இடையே வடக்கு-தெற்குத் தூரம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். 2.7 பாகைக்கு 300 கிலோமீற்றர் என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? விடை 40,000 கிலோமீற்றர், பூமியின் சுற்றளவு. கிரேக்க அறிஞர் எரட்டோதெனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்னர் எகிப்தில் செய்த அதே கணக்கு இது. யாழ்ப்பாணத்தில் உங்களுக்கு உறவினரோ, எழுத்துத் தொடர்புள்ள ஒரு மாணவியோ இருந்தால் இருவருமாகச் செய்து பாருங்கள்.

ஊவா ஏன் காய்கிறது என்ற கேள்விக்கு நான் இருக்கும் இடத்திலிருந்தே விடை சொல்லலாம். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வரும் ஈரக் காற்று உங்கள் பக்கச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, நீராவி ஒடுங்கி, வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் மழையாகக் கொட்டிவிடுகிறது. நீராவி நீராகும்போது உள்ளே மறைந்திருந்த வெப்பத்தை வெளியிடுவதால், ஏறும் காற்று மெதுவாகவே குளிர்கிறது. நீரை இழந்துவிட்டு மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும் காற்றோ ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம் விரைவாகச் சூடேறுகிறது. நாங்கள் கச்சான் என்று சொல்வது அந்தக் காற்றைத்தான். உங்கள் ஊரில் குடையோடு பாடசாலை போகும் அதே நாளில் எங்கள் பக்கத்துப் புல் காய்ந்திருக்கும்.

இவை தவிர, நுவரெலியாவில் நீர் 100 பாகையில் கொதிப்பதில்லை, ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஏன் என்று நீங்களே கண்டுபிடித்து இங்கே எழுதுங்கள். பருப்பு வேக அங்கே ஏன் அதிக நேரம் எடுக்கிறது என்பதும் அப்போது விளங்கும்.

பெரிய போட்டிகளைப் பற்றியும் அறிந்துவைப்பது நல்லது. பாடசாலை மாணவர்களுக்கான சர்வதேச புவிவிஞ்ஞான ஒலிம்பியாட்டும், வானியல் மற்றும் வானியற்பௌதிக ஒலிம்பியாட்டும் 2007இல் தொடங்கியவை; இலங்கை மாணவர்கள் இரண்டிலும் பங்கேற்று வருகிறார்கள். நகரத்துப் பாடசாலையில் சேர்ந்தவுடன் தேசியத் தெரிவுப் போட்டிக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று உங்கள் பௌதிகவியல் ஆசிரியரிடம் கேளுங்கள். தோட்டப் பாடசாலைகளிலிருந்து அங்கே போகும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கடைசியாக ஒரு பெயர். ஆனந்த குமாரசுவாமியைக் கலை ஆய்வாளராகத்தான் நம் பிள்ளைகள் அறிவார்கள். அவர் முதலில் ஒரு புவிச்சரிதவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைப் பணிக்குத் தலைமை தாங்கியவர். 1904இல் தோரியனைட் என்னும் கனிமம் உலகுக்குத் தெரியவந்தது அவருடைய தேடலினால்தான். இந்த மலைகளின் கற்களைத் தட்டிப் பார்த்து ஆராய்ந்த தமிழர் ஒருவர் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னரே இருந்திருக்கிறார்.


பதில் 4: தோட்டக் காரியாலயத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர், பொகவந்தலாவை

மகள், எனக்குப் பெரிய படிப்பு இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட கொப்பி வேலையில் எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. தோட்டக் காரியாலயங்களில் மழைப் புத்தகம் என்று ஒன்று எழுதுவோம். காலையில் மழைமானியைப் பார்த்து, முந்திய நாளின் மழையை அதில் பதிய வேண்டும். உரம் போடுவதையும் கொழுந்து வரவையும் கணக்குப் பார்ப்பதற்காகத்தான் அது எழுதப்பட்டது. மண்சரிவுக்கு அது பயன்படும் என்று அந்த நாளில் நாங்கள் நினைக்கவில்லை. பழைய புத்தகங்களில் மழை அங்குலத்தில் இருக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். தம்பி எழுதிய 75, 100, 150 ஆகிய அளவுகள் ஏறக்குறைய மூன்று, நான்கு, ஆறு அங்குலம். ஆறு அங்குல மழையை எழுதிய நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அந்த நாட்களில் எங்கோ ஒரு மதில் சரிந்ததாகவும் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஆட்கள் வரவில்லை என்றும் செய்தி வரும்.

உங்கள் தோட்டக் காரியாலயத்தில் பணிவாகக் கேட்டுப் பாருங்கள்; பழைய புத்தகம் இருந்தால் பார்க்கத் தருவார்கள். தராவிட்டால் நீங்களே ஒரு மழைமானி செய்யலாம். பக்கங்கள் நேராக உள்ள ஒரு பெரிய பிளாஸ்ரிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, அதைத் தலைகீழாகப் புனலைப் போல உள்ளே வையுங்கள். போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருந்தால், சில கற்களைப் போட்டுக் கொஞ்சம் நீர் ஊற்றி, அந்த நீரின் மட்டத்தைப் பூச்சியம் என்று குறித்துவிட்டு, அதற்கு மேலே அடிக்கோலை ஒட்டுங்கள். கூரைத் தகரத்திலிருந்தும் மரத்திலிருந்தும் நன்றாக விலக்கி வையுங்கள். லயத்துச் சுவரோரமாக வைத்தால் கூரைத் தண்ணீரையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். வானிலை அவதான நிலையங்களில் காலை 8.30க்குத்தான் பார்ப்பார்கள், நீங்களும் அதே நேரத்தில் பார்த்தால் வானொலியில் சொல்லும் அளவோடு ஒப்பிடலாம். மழை இல்லாத நாளிலும் பூச்சியம் என்று எழுத வேண்டும். வெறுமையாக விட்டால், மழை பெய்யவில்லையா அல்லது நீங்கள் பார்க்கவில்லையா என்று பிறகு யாருக்கும் தெரியாது. பீலித் தண்ணீரின் நிறத்தையும் பக்கத்திலேயே எழுதச் சொல்லுவேன். எங்கள் புத்தகத்தில் அதற்கு ஒரு நிரல் இருந்ததில்லை.


மாணவியின் மறுமொழி

மழைமானியை நேற்று மாலை செய்து, காய்கறித் தோட்டத்து வேலிக்கு வெளியே வெட்டவெளியில் நட்டுவிட்டேன். இன்று காலை 8.30க்குப் பார்த்தேன், மழை இல்லை. கொப்பியின் முதல் வரியில் திகதியைப் போட்டு, மழை பூச்சியம், பீலித் தண்ணீர் தெளிவு என்று எழுதியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் நிழல் அளக்கக்கூடிய மாணவர் யாரேனும் இதை வாசித்தால் தயவுசெய்து இங்கே பதில் எழுதுங்கள்.